ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போவதில்லை

ஆகஸ்ட் 9, வெள்ளி
காலை 5.10, திருநெல்வேலி

முப்பத்தாறு வருஷம் பஸ் கம்பெனி டைம் ஆபீஸில் டிரிப் ஷீட் எழுதின கை. ஓய்வு பெற்று ஒன்பது நாளாகியும் சும்மா இருக்கமாட்டேன் என்கிறது. வழியனுப்பு விழாவில் சின்ன முதலாளி ஒரு மாலை, ஒரு சுவர்க் கடிகாரம், இந்த டைரி மூன்றும் கொடுத்தார். மாலை அன்று ராத்திரியே வாடிவிட்டது. கடிகாரத்தைக் கூடத்தில் மாட்டியிருக்கிறேன், நாளுக்கு அரை நிமிடம் பிந்துகிறது. டைரியில் இன்றுதான் பேனா படுகிறது.

இன்று நானும் என் மனைவி உலகம்மையும், எனக்கு உலகு, புன்னைத்துறை போகிறோம். திருச்செந்தூருக்குத் தெற்கே, ரோடு முடிகிற இடத்தில் இருக்கும் கடற்கரைக் கிராமம். யோசனை அவளுடையது. "மூணு நாளு. ஆளும் பேரும் இல்லாத எடம். ஒரு வேலையும் கிடையாது. வாறியளா?" என்று கேட்டாள். அவள் கணக்கு டீச்சராக இருந்து போன வருஷமே ரிட்டயர் ஆனவள். கேள்வி கேட்டால் பதில் வருகிறவரை பார்த்துக்கொண்டே நிற்பாள். சரி என்று சொல்லிவிட்டேன்.

ஓய்வாக இருப்பதென்றாலும் ஒரு ஒழுங்கு வேண்டும். திட்டம் எழுதி, கார்பன் வைத்து ஒரு நகலும் எடுத்தேன். சனி: காலை நடை, குளியல், சாப்பாடு, தூக்கம் 45 நிமிடம். ஞாயிறு காலை 5.30: படகில் கடல் பயணம். திங்கள் காலை 6.20 வண்டியில் ஊர் திரும்புதல். திங்கள் அவ்வளவு சீக்கிரம் ஏன் என்றாள். வெயிலுக்கு முன்னால் வந்துவிடலாமே என்றேன். நகலை வாங்கி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். படித்தாளா தெரியவில்லை.

மூன்று நாளுக்கு அவள் கட்டியிருப்பது ஐந்து பை. குக்கர், இட்லித் தட்டு, எட்டுச் சேலை, ஒரு பை நிறையப் புத்தகம். கரும்பலகையில் வட்டம் போடுகிற மரக் காம்பஸ் ஒன்று அந்தப் பையிலிருந்து மூக்கை நீட்டிக்கொண்டிருக்கிறது. பழைய பள்ளிக்கூடப் பை. எடுத்து வைக்க மறந்திருப்பாள்.

பிற்பகல் 2.15, புன்னைத்துறை

வந்து சேர்ந்தாயிற்று. 12.30க்கு வரவேண்டிய வண்டி 12.41க்கு வந்தது.

இந்த ஊருக்கு ஓடுவது எங்கள் கம்பெனி வண்டி ஒன்றுதான். நாளுக்கு மூன்று நடை. கடைசி நடை மாலை 4.40க்கு வந்து, ராத்திரி இங்கேயே தங்கி, காலை 6.20க்குக் கிளம்பும். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் இந்த நேரங்களைப் போட்டவனே நான்தான். வரைபடத்தை விரித்து, ஸ்கேலால் அளந்து, மெயின் ரோட்டிலிருந்து முப்பத்தைந்து நிமிடம் என்று எழுதினேன். ஊரை இன்றுதான் பார்க்கிறேன்.

டிரைவர் பேச்சிமுத்து. வருஷா வருஷம் ஆடி மாதத்தில் மட்டும் இந்த ஆள் லேட். வருஷா வருஷம் மெமோ கொடுத்திருக்கிறேன். இன்று ஊருக்கு நாலு கிலோமீட்டர் இருக்கும்போது வண்டியை நிறுத்தினார். ரோட்டைக் காணோம். ஒரு பக்கம் தேரிக்காடு, குங்குமம் மாதிரிச் சிவந்த மணல் மேடு. மேற்கிலிருந்து அடிக்கிற மேல்காற்று அதை அள்ளிக் கொண்டுவந்து ரோட்டின் குறுக்கே கொட்டியிருக்கிறது. கண்டக்டர் சீட்டுக்கு அடியிலிருந்து மண்வெட்டியை எடுத்துக்கொண்டு இறங்கினார். பழகின வேலை போல.

"அண்ணாச்சி, இப்பவாச்சும் நல்லாப் பாத்துக்கோங்க" என்றார் பேச்சிமுத்து.

மண்வெட்டி விஷயத்தை எழுதிக் கொடுத்திருக்கலாமே என்று கேட்டேன். மெமோவுக்குப் பதில் எழுதும்போதெல்லாம், பதினெட்டுத் தடவை, அதைத்தான் எழுதிக் கொடுத்ததாகச் சொன்னார். கோப்பில் இருக்கும். நான் கையெழுத்தும் தேதியும்தான் பார்ப்பேன்.

வீடு நல்ல வீடு. கடலைப் பார்த்த இரண்டு அறை, ஓட்டுக் கூரை, வாசலில் ஒரு பூவரசு. வீட்டுக்காரர் சந்தியாகு, சொந்தமாக மீன்பிடி வள்ளம் வைத்திருக்கிறார். அடுத்த வீட்டிலேயே இருக்கிறார். அவர் மனைவி பிரகாசி ஓடி வந்து, "வாங்க அண்ணாச்சி, வாங்க டீச்சர்" என்று பைகளை வாங்கினாள். உலகைப் பார்த்தாலே டீச்சர் என்று தெரிந்துவிடும் போல. முகத்திலேயே எழுதி ஒட்டியிருக்கிறது.

மாலை 6.00

ஆடி வெள்ளி, அதனால் மீன் இல்லை. அடுத்த வீட்டில் பொரிக்கிற வாசனையை மோந்துகொண்டு தயிர்ச்சோறு சாப்பிட்டேன். பட்ட பாட்டை எழுத விரும்பவில்லை.

உலகு அடுப்படியில் அலமாரியை ஜாண் போட்டு அளந்தாள். சிலிண்டர் எத்தனை நாளைக்கு ஒரு தடவை வரும், குழாயில் தண்ணீர் எத்தனை மணிக்கு என்று பிரகாசியிடம் விசாரித்தாள். எங்கே போனாலும் அவளுக்கு ஊர்க்கதை வேண்டும்.

கடல் சத்தம் விடாமல் கேட்கிறது. மனிதர் போட்ட சத்தம் என்று ஒன்றுமில்லை. மனசுக்கு நன்றாகத்தான் இருக்கிறது.

ஆகஸ்ட் 10, சனி
காலை 6.50

திட்டப்படி காலை நடை. தேரியின் உச்சி வரை ஏறினேன். ஏறும்போது பதித்த கால் தடம் இறங்கும்போது இல்லை, காற்று துடைத்துவிட்டது. சட்டைப் பை, காது, பல்லிடுக்கு எல்லாம் செம்மண். கீழே ஊரில் செல்போன் வேலை செய்வதில்லை, உச்சியில் மட்டும் இரண்டு கோடு காட்டுகிறது. அதற்காக ஏறவில்லை. தற்செயலாகப் பார்த்தேன்.

சின்ன முதலாளி பேசினார். நலம் விசாரித்தார். காற்றுக்கு மேலே சத்தம் போட்டுப் பேசவேண்டியிருந்தது. வேறு ஒன்றுமில்லை.

காலை 10.20

வள்ளங்கள் திரும்பி வருவதைப் பார்த்தேன். முதல் வள்ளம் 8.10, இரண்டாவது 8.22, அப்புறம் 8.25க்கு மூன்று சேர்ந்தாற்போல் வந்து கரையில் ஒரே நெரிசல். குறித்து வைத்தேன். சந்தியாகு வலையை உதறிக்கொண்டே எட்டிப் பார்த்தார்.

"என்னத்த எழுதுதிய அண்ணாச்சி?"

"வந்த நேரத்த."

"பாத்தியளா, கடலுக்கும் ஒரு ஆபீசரு வந்துட்டாரு!" என்று மற்றவர்களைக் கூப்பிட்டுச் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

"எத்தன மணிக்குப் போனிய?"

"கடலு விடும்போது போனோம்."

"எப்ப விடும்?"

"விடும்போது தெரியும்லா."

இப்படி ஒரு நிர்வாகத்தை நான் கண்டதில்லை. ஆனால் பத்தொன்பது வள்ளமும் பத்திரமாக வந்து சேர்ந்துவிட்டன, அதையும் சொல்லவேண்டும். ஞாயிறு படகுப் பயணம் பற்றி அவரிடம் பேசப் போனபோது ஏலக்காரர் வந்துவிட்டார். பரவாயில்லை. காலையில் கரையில் நின்றால் யாராவது ஏற்றிக்கொள்வார்கள்.

பிற்பகல் 3.40

விளமீன் குழம்பு. பிரகாசி வைத்தது. புளியும் தேங்காயும் ஒன்றையொன்று விட்டுக்கொடுக்காமல் நின்றன. மூன்று தடவை சோறு வாங்கினேன். சாப்பிட்டுவிட்டுப் பூவரசு நிழலில் கயிற்றுக் கட்டிலில் படுத்தவன் எழுந்தபோது மணி 3.20. திட்டத்தில் 45 நிமிடம், தூங்கியது இரண்டு மணி ஐந்து நிமிடம். பகலில் இப்படித் தூங்கி எத்தனை வருஷம் ஆயிற்று! உடம்பில் ஒரு கட்டு அவிழ்ந்த மாதிரி இருக்கிறது.

எழுந்தபோது உலகு இல்லை. சிஸ்டரைப் பார்க்கப் போயிருக்கிறாள் என்றாள் பிரகாசி. மாதா கோயிலுக்குப் பக்கத்தில் கன்னியாஸ்திரிகள் நடத்துகிற சின்னப் பள்ளிக்கூடம் ஒன்று இருக்கிறது. கால் மணி கழித்து வந்தாள். சேலை முந்தானையில் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது. சுவரில் சாய்ந்திருப்பாள், சுண்ணாம்பு.

மாலை 6.30

கடற்கரையில் நடந்தோம். தெற்கே போகப் போக வீடே இல்லை. ஒரு பக்கம் சிவப்பு மணல், ஒரு பக்கம் அலை, நடுவில் நாங்கள் இரண்டு பேர். உலகு சேலையை முழங்காலுக்குத் தூக்கிச் செருகிக்கொண்டு அலைக்குள் நின்றாள். வா என்றாள். செருப்பைக் கழற்றி, வேட்டியை மடித்துக் கட்டி, நானும் நின்றேன். அலை உள்வாங்கும்போது காலடியில் மண் ஓடுகிறது, கூசுகிறது. அவள் விழுந்துவிடாமல் என் கையைப் பிடித்தாளா, நான் விழுந்துவிடாமல் பிடித்தாளா தெரியவில்லை. கொஞ்ச நேரம் விடவில்லை.

"கல்யாணமானதுலேருந்து எத்தன பொங்கலுக்கு நீங்க வீட்ல சாப்பிட்டிய?" என்று திடீரென்று கேட்டாள்.

பஸ் கம்பெனியில் பண்டிகை என்றால் கூட்டம், கூட்டமென்றால் சிறப்பு வண்டி, சிறப்பு வண்டியென்றால் நான். இது அவளுக்குத் தெரியாததா? மூன்று என்றேன்.

"ரெண்டு. மூணாவது, எல ரெண்டு போட்டேன். நீங்க வரல."

சண்டைக்கு இல்லை, கணக்கைத் திருத்துகிற குரல்தான். திரும்பி வரும்போது எதிரே வந்த பிள்ளைகள் "குட் ஈவினிங் டீச்சர்" என்றார்கள். நல்ல ஊர், பழக்கமில்லாதவர்களுக்குக்கூட மரியாதை கொடுக்கிறார்கள்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு
காலை 5.55

கரையில் உட்கார்ந்து எழுதுகிறேன். 5.20க்கே வந்துவிட்டேன். துண்டு, தண்ணீர் பாட்டில், வாந்திக்கு எலுமிச்சம்பழம் எல்லாம் கையில் இருக்கின்றன. பத்தொன்பது வள்ளமும் மணலில் ஏற்றி, எஞ்சினைக் கழற்றி, தார்ப்பாயால் மூடிக் கிடக்கின்றன. மனிதர் ஒருவர் இல்லை. ஒரு நாய் மட்டும் வந்து என்னைப் பார்த்துவிட்டு, வேலையில்லாதவன் என்று முடிவு செய்து பக்கத்தில் படுத்துக்கொண்டது.

5.30. யாரும் வரவில்லை.

5.40. வரவில்லை.

5.50. கோயில் மணி அடித்தது. வீடுகளில் விளக்கு எரிகிறது. யாரும் கடல் பக்கம் திரும்பவில்லை.

காலை 9.30

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ஆறு மணிக்கு உலகு ஃபிளாஸ்கில் காப்பியோடு வந்தாள். மணலில் உட்கார்ந்து எனக்கு ஊற்றிக் கொடுத்தாள்.

"இந்த ஊர்ல ஞாயித்துக்கெழம யாரும் கடலுக்குப் போவமாட்டாவ" என்றாள்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"ஊருக்கே தெரியும். நீங்க கேக்கல."

"நேத்தே சொல்லிருக்கலாம்லா?"

"சொல்லிருக்கலாம். வராததுக்குக் காத்துக்கிட்டு நிக்கது எப்படி இருக்குன்னு ஒரு அர மணி நேரம் பாக்கட்டும்னு விட்டுட்டேன்."

காப்பி குடித்தேன்.

பிறகு அவள் சொன்னாள். பள்ளிக்கூடத்தின் கணக்கு டீச்சர் பிரசவத்துக்குப் போகிறாள். பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் இருபத்தாறு பேர், பொதுத் தேர்வு வரை சொல்லிக்கொடுக்க ஆளில்லை. அங்கே இருக்கிற சிஸ்டர் எமரன்சியா உலகோடு டிரெயினிங் படித்தவர். கேட்டிருக்கிறார், இவள் சரி என்றுவிட்டாள். வீடு பேசியாயிற்று. ஜூனில் ஒரு தடவை வந்து பார்த்துவிட்டும் போயிருக்கிறாள். அன்று தென்காசியில் அவள் தங்கை வீட்டுக்குப் போவதாகச் சொன்ன ஞாபகம். நாளை விட்டு அடுத்த திங்கள், பத்தொன்பதாம் தேதி வகுப்பு.

"என்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா?"

"கேக்கத்தான் கூட்டிட்டு வந்தேன். மூணு நாளு இருந்து பாத்தா ஒங்களுக்கும் புடிச்சிரும்னு நெனச்சேன். வந்தா எனக்கு ரொம்ப சந்தோஷம். வரலன்னாலும் நான் இருப்பேன். இதுதான் உள்ளது."

வருஷம் முடியத் தனியாகவா என்றேன். அதற்கு அவள் சொன்னது இது:

"ஒங்களுக்கென்ன, நாளைக்கு ஒம்பதரைக்கு ஆபீசுக்குப் போணும்லா."

நான் சொல்லாதது அவளுக்கு எப்படித் தெரியும்?

"நேத்துக் காலைல தேரி மேல நின்னு ‘திங்கக்கெழம ஒம்பதரைக்கு சீட்ல இருப்பேன் மொதலாளி, ஆவணித் திருவிழா வரைக்கும் நான் பாத்துக்கிடுதேன்’னு நீங்க கத்துனிய. மேகாத்து. ஒவ்வொரு வார்த்தயா கொண்டாந்து அடுப்படில போட்டுச்சு. பிரகாசி தோச வார்த்துக்கிட்டு நின்னவ, ‘அண்ணாச்சிக்கு நாளக்கழிச்சு வேலயா டீச்சர்?’னு கேட்டா. நான் என்ன சொல்ல?"

எழுந்து வீட்டுக்கு நடந்தாள். நாய் அவள் பின்னால் போய்விட்டது.

காலை 11.05

வெயில் தாங்க முடியவில்லை.

காலை 11.40

வெயில் அவ்வளவு இல்லை. கோபம். யார் மேல் என்று தெரியவில்லை.

பிற்பகல் 1.30

ஞாயிறு புது மீன் கிடையாது. நேற்று வைத்த விளமீன் குழம்பைச் சுண்ட வைத்துப் பிரகாசி கொண்டுவந்தாள். கோபமாக இருக்கும்போது சாப்பிடக்கூடாது என்று இருந்தேன். நேற்றைவிட இன்று நன்றாக இருந்தது. அதற்கென்ன செய்ய?

உலகு எதிரே உட்கார்ந்து சாப்பிட்டாள். மீன் முள்ளை எடுத்து வழக்கம்போல என் இலை ஓரத்தில் சதையை வைத்தாள். கோபம் இருந்தால் வைக்கமாட்டாள். அவள் தீர்மானத்தோடு மட்டும்தான் இருக்கிறாள். கோபக்காரியைச் சமாதானப்படுத்தலாம், இதற்கு நான் என்ன செய்வது?

பிற்பகல் 3.15

பூவரசு நிழலில் சந்தியாகு வந்து உட்கார்ந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. காலைப் பூசைக்குப் போட்டது, இன்னும் கழற்றவில்லை. வலையில் கை வைக்கக்கூட இன்று விடமாட்டார்களாம்.

"இன்னைக்கு மட்டும் மீனு வந்து குமிஞ்சா?" என்று கேட்டேன்.

"குமியும். எங்க அய்யா காலத்துல ஒரு ஞாயித்துக்கெழம சாள மீனு கரைக்கே வந்து துள்ளிச்சாம். எல்லாரும் நின்னு பாத்தாவளாம்."

"பாத்துட்டு?"

"பாத்துட்டு வீட்டுக்குப் போய்ட்டாவ. பொண்டாட்டி புள்ளயளோட கறிசோறு தின்னாவ. திங்கக்கெழமையும் கடலு இருக்கும்லா அண்ணாச்சி."

அவருக்கு இது சாதாரண விஷயம். சொல்லிவிட்டுத் துண்டை விரித்துப் படுத்தார், இரண்டு நிமிடத்தில் குறட்டை. எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. மீன் துள்ளுகிற கரையில் நான் இருந்திருந்தால் எல்லோருக்கும் ஸ்பெஷல் டியூட்டி போட்டிருப்பேன்.

பிற்பகல் 4.10

டைரியில் பொய் எழுதி என்ன லாபம்? உண்மையை எழுதிவிடுகிறேன்.

ஆகஸ்ட் ஒன்றாம் தேதி காலை ஏழரைக்குக் குளித்து, சட்டை மாட்டி, வாசலில் நின்று டிபன் டப்பாவுக்குக் கை நீட்டினேன். பழக்கம். கையை இழுத்துக்கொள்ள வெட்கமாக இருந்தது. உலகு அடுப்படிக்குப் போய் எலுமிச்சம்பழச் சோறு கட்டிக் கொடுத்தாள். வண்ணார்பேட்டை நிறுத்தத்தில் போய் நின்றேன். எங்கள் வண்டிகள் போவதைப் பதினொரு மணி வரை பார்த்தேன். டிரைவர்கள் பார்த்துவிடாமல் கடைக்குப் பின்னால் நின்றேன். டப்பாவைப் பூங்காவில் உட்கார்ந்து காலி செய்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். மறுநாளும் அவள் டப்பா கட்டினாள். எட்டு நாள் இப்படி. எங்கே போகிறீர்கள் என்று அவள் கேட்கவில்லை.

எட்டாம் நாள் சின்ன முதலாளி போனில் வேலைக்குக் கூப்பிட்டபோது அழுகை வந்துவிட்டது. பதினைந்தாம் தேதி லீவுக் கூட்டம், அடுத்தாற்போல் திருச்செந்தூர் ஆவணித் திருவிழா, நீங்க இல்லாம ஆகாது அண்ணாச்சி என்றார். ஆகும் என்று எனக்குத் தெரியும். பதினைந்தாம் தேதிக்கான ஷீட்டை ரிட்டயர் ஆவதற்கு முன்பே எழுதி வைத்துவிட்டுத்தான் வந்தேன். இருந்தாலும் அந்தச் சொல்லைக் கேட்கவேண்டியிருந்தது.

எனக்குப் பயம். நேரம் போடாத ஒரு நாளில் நான் யார் என்று தெரியாத பயம். ஆவணித் திருவிழா முடிந்தால் தசரா, தசரா முடிந்தால் தீபாவளி, அப்புறம் பொங்கல். உலகு இங்கே தனியாக ஒரு இலை போடுவாள். இரண்டு போட்டாலும் போடுவாள், அவள் அப்படிப்பட்டவள்தான்.

நேற்று அலையில் நின்றபோது மணி பார்க்கவில்லை என்பது இப்போதுதான் உறைக்கிறது.

மாலை 5.45

ஐந்து மணிக்குத் தேரி ஏறினேன். உலகு வாசலில் உட்கார்ந்து நோட்டில் ஏதோ கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள், தலை நிமிரவில்லை. நான் போட்ட திட்டம் இது: மேலே நின்று முதலாளியிடம் சத்தமாகச் சொல்லிவிடுவது. காற்று அவளிடம் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். கீழே வந்து எதிரில் நின்று சொல்கிற சங்கடம் எனக்கு இல்லை.

உச்சியில் ஊர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன். முதலாளி எடுத்தார்.

"மொதலாளி, நான் நாளைக்கு வரல!" என்று கத்தினேன். என்ன அண்ணாச்சி, உடம்புக்கு என்ன என்றார். "ஒடம்பு நல்லாருக்கு! நான் இங்கயே இருக்கப் போறேன்! வீட்ல பள்ளிக்கூடத்துல வேல பாக்கா! நான் கூட இருக்கணும்!" தொண்டை கிழிந்தது. பதினைந்தாம் தேதி ஷீட்டு என் மேஜையில் இரண்டாவது டிராயரில் இருக்கிறது என்பதையும் கத்தினேன். கடைசியாக, புன்னைத்துறை வண்டிக்கு ஆடி மாதம் மட்டும் பதினைந்து நிமிடம் கூட்டிப் போடுங்கள், பேச்சிமுத்துவுக்கு இனி மெமோ வேண்டாம், அவர் எழுதிக் கொடுத்ததெல்லாம் கோப்பில் இருக்கிறது, ஒரு தடவை படியுங்கள் என்றேன். முதலாளி கொஞ்சம் வருத்தப்பட்டார். அப்புறம் சிரித்து, "அப்ப டிராயர் சாவிய மட்டும் கொடுத்து விடுங்க" என்றார். அவ்வளவுதான். முப்பத்தாறு வருஷம் நாலு நிமிடத்தில் முடிந்தது.

இறங்கி வந்தேன். உலகு அதே இடத்தில், அதே நோட்டு.

"என்ன, மேல நின்னு என்னமோ கத்துன மாதிரி இருந்து? காத்துல ஒண்ணும் வெளங்கல" என்றாள்.

நேற்று அடுப்படி வரை வார்த்தை வார்த்தையாகக் கொண்டுவந்த காற்று, இன்று திசை மாறிவிட்டது போல. நின்றேன். டிரைவர் கண்டக்டர் நூற்றிருபது பேரை அதட்டி வேலை வாங்கியவன் நான்.

"நாளைக்குப் போகல" என்றேன்.

"ம்?"

"வேலைக்குப் போகல. மொதலாளிகிட்ட சொல்லிட்டேன். வருஷம் முடிய இங்கதான்." அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். பதில் முடியவில்லை என்று தெரிந்தது. "உன்கூட" என்றேன்.

முப்பத்துநாலு வருஷத்தில் இந்த வார்த்தையை அவளிடம் சொன்னதாக நினைவில்லை. சொல்லும்போது கூச்சமாக இருந்தது. சொன்ன பிறகு நன்றாக இருந்தது.

உலகு நோட்டை மூடினாள். பென்சிலைக் கொண்டையில் செருகினாள். அவள் முகம் எப்படி இருந்தது என்று எழுதத் தெரியவில்லை. சந்தோஷமாக இருந்தாள், அவ்வளவுதான் தெரியும்.

"அப்ப கொடில காயுத துணியெல்லாம் எடுத்து மடிங்க. மண்ணு படுது" என்றாள்.

மடித்தேன்.

ஆகஸ்ட் 12, திங்கள்
காலை 7.00

உலகு இன்று ஊருக்குப் போய், வீட்டைப் பூட்டி, மீதிச் சாமான்களோடு புதன்கிழமை வருவதாக ஏற்பாடு. நானும் போவதாகத்தான் இருந்தது. காலையில் பை கட்டும்போது வேண்டாம் என்று தோன்றிவிட்டது. திங்கட்கிழமை காலை, திருநெல்வேலி, ஒன்பது மணி. காலே என்னை ஆபீசுக்குக் கூட்டிக்கொண்டு போய்விடும். அப்படியே அவளிடம் சொன்னேன். சிரிக்கவில்லை.

"சரி, இருங்க" என்று என் திட்டக் காகிதத்தின் நகலை இடுப்பிலிருந்து எடுத்தாள். அதன் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்தாள். குழாயில் தண்ணீர் காலை ஏழு, குக்கரில் நாலு விசில், உப்பு ஒரு கரண்டி. அதற்குக் கீழே ஒன்றும் எழுதவில்லை. மீதிக் காகிதம் வெள்ளையாக இருக்கிறது.

வண்டி கோயில் முன்னால் நின்றது. டிராயர் சாவியை ஒரு உறையில் போட்டுப் பேச்சிமுத்துவிடம் கொடுத்தேன். சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "பதினஞ்சு நிமிஷத்துக்கு நன்றி அண்ணாச்சி" என்றார்.

அவருக்கு எப்படித் தெரியும் என்று விழித்தேன். வழியனுப்ப வந்த பிரகாசி சிரித்துவிட்டாள்.

"நல்லா கேட்டிய! நேத்துத் தேரில நின்னு நீங்க போட்ட சத்தம் கோயில் வாசல் வரைக்கும் கேட்டுச்சு அண்ணாச்சி. வண்டி கழுவுன கண்டக்டரு தம்பிதான் பேச்சிமுத்து அண்ணன்ட்ட சொன்னாவ. அந்த ரெண்டாவது டிராயரு வர எல்லாம் கேட்டுச்சு. டீச்சர் நோட்ட கீழ போட்டுட்டு எந்திச்சு நின்னுல்லா கேட்டாவ."

உலகைப் பார்த்தேன். அவள் வண்டியில் ஏறி, ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, மிக அக்கறையாகக் கைப்பையில் சில்லறை தேடிக்கொண்டிருந்தாள்.

"கூடத்துக் கடிகாரத்த எடுத்துட்டு வரணுமா?" என்று ஜன்னல் வழியாகக் கேட்டாள்.

"வேண்டாம். அங்கயே ஓடட்டும்."

6.20க்குக் கிளம்பவேண்டிய வண்டி 6.23க்குக் கிளம்பியது. நான் வாயைத் திறக்கவில்லை.

மாலை 5.15

சோறு கொஞ்சம் குழைந்துவிட்டது. சந்தியாகு வலை இழுத்துக் கட்டக் கூப்பிட்டார், போனேன், விரலில் கொப்புளம். மதியம் தூங்கினேன், எவ்வளவு நேரம் என்று குறிக்கவில்லை. சாயங்காலம் தேரியில் ஏறி உலகிடம் பேசினேன். வீட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள். என்ன செய்தீர்கள் என்றாள். ஒன்றும் செய்யவில்லை என்று கத்தினேன். கீழே யாரோ சிரித்தார்கள்.

புதன்கிழமை அவள் வருவது 4.40 வண்டியில். கோயில் முன்னால், வேப்ப மரத்தடியில் நிற்கவேண்டும். இன்று அந்த நேரத்துக்கு அங்கே போய் ஒரு தடவை நின்று பார்த்துவிட்டு வந்தேன்.